ஒரு நாள், மூன்று வெளிச்சவீடுகள்: யாழ்ப்பாணத்தில் எதைப் பார்ப்பது?

நல்லூர்த் திருவிழாவையொட்டி ஊருக்கு வரும் உறவினர்கள் கோட்டை, நூலகம், கீரிமலை எல்லாம் பார்த்து முடித்த பின், புறப்படுவதற்கு முன்னால் கையில் ஒரேயொரு நாள் மிஞ்சுவது வழக்கம். சென்ற ஆண்டு ரொறன்ரோவிலிருந்து வந்த என் தங்கையின் குடும்பத்துக்கும் அப்படி ஒரு நாள் மிஞ்சியது. பன்னிரண்டும் ஒன்பதும் வயதான இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு நடக்கும் அவளுடைய மாமியார், கமராவைக் கழுத்திலிருந்து இறக்காத மச்சான் ஆகிய நால்வரோடும் அவள் என்னிடம் கேட்ட கேள்வி, “அண்ணா, ஒரு வெளிச்சவீடு பார்க்க வேண்டும், எதுக்குப் போகலாம்?” என்பதுதான். மூன்றுக்கும் பல தடவை போய் வந்தவன் என்ற துணிவில் உடனே பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை இங்கே சற்று விரிவாகவும் நிதானமாகவும் எழுதுகிறேன்.

முதலில் ஓர் எதிர்பார்ப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. காலியில் கோட்டைக் கொத்தளத்தின் மேலும், கொழும்பில் நகர நடுவிலும் வெளிச்சவீடு நிற்பதைப் பார்த்தவர்கள், யாழ்ப்பாண நகரிலும் பண்ணைப் பக்கமாக ஒன்று இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். நகரை ஒட்டிக் கிடப்பது ஆழமற்ற நீரேரி. பெரிய கப்பல்கள் கோட்டை வாசலுக்கு வரவே முடியாது. ஊர்காவற்றுறையிலும் காங்கேசன்துறையிலும் பருத்தித்துறையிலும் நங்கூரமிட்டு, பண்டங்களைச் சிறு கலங்களில் இறக்குவதே பழைய ஏற்பாடு. அதனால் வெளிச்சவீடுகளும் நகரத்தை விட்டு விலகி, குடாநாட்டின் வடகரையில் அமைந்தன. வடகிழக்கில் பருத்தித்துறை, நடுவே காங்கேசன்துறை, வடமேற்கில் காரைநகர்க் கோவளம் ஆகிய மூன்றுமே நகரத்திலிருந்து தனிப் பயணம் செய்துதான் பார்க்க வேண்டியவை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மூன்றில் எதுவும் பார்வையாளர்கள் படியேறி உச்சியில் நின்று கடல் பார்ப்பதற்காகத் திறந்து வைக்கப்பட்டதன்று. ஏறிப் பார்ப்பதே பிள்ளைகளின் ஆசை என்றால், சென்னை மெரினாவில் 1977இல் எழுந்த வெளிச்சவீட்டில் மின்தூக்கி வசதியோடு அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். கனடாவுக்குத் திரும்பும் வழியில் சென்னையில் தங்குகிறவர்களுக்கு அதையே சொல்வேன். யாழ்ப்பாணத்தில் கோபுரத்தை வெளியே நின்றுதான் பார்க்க முடியும் என்பதால், எவ்வளவு கிட்டப் போகலாம், அதன் அடியைச் சுற்றி அந்த நாளை எப்படிக் கழிக்கலாம் என்ற இரண்டையும் கொண்டுதான் தேர்வு செய்ய வேண்டும்.

உயரத்தை வைத்துத் தேர்வு செய்வது வீண். பருத்தித்துறை வெளிச்சவீடு 32 மீற்றர், கோவளத்தில் இருப்பது 30 மீற்றர், காங்கேசன்துறையில் இருப்பது 22 மீற்றர். பூமியின் வளைவைக் கணக்கிட்டால், 22 மீற்றர் உயரத்திலுள்ள ஒரு விளக்கிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 17 கிலோமீற்றரிலும், 32 மீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றரிலும் இருக்கும். படகில் இருப்பவரின் கண்மட்டம் கடலிலிருந்து இரண்டு மீற்றர் என்று கொண்டால், இரண்டு கணக்கோடும் இன்னும் ஐந்து கிலோமீற்றரைக் கூட்டிக்கொள்ளலாம். பத்து மீற்றர் அதிகமாகக் கட்டியும் கடலில் கிடைக்கும் இலாபம் மூன்று கிலோமீற்றரளவுதான். கரையில் அண்ணாந்து பார்க்கிறவருக்கோ அந்த வேறுபாடு கழுத்து வலிக்கு மேல் எதையும் தருவதில்லை. ஆனாலும் இந்தக் கணக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். கடலிலிருந்து பார்க்கிறவருக்கு அடையாளமாக ஒரு குன்றுகூடக் கிடையாது, நீளத்துக்குப் பனைதான். கோயில் கோபுரமும் மாதா கோயில் கூரையும்கூடக் கடற்றொழிலாளருக்குத் திசைகாட்டும் இப்படிப்பட்ட கரையில், நூறடிக் கோபுரம் ஒன்று எத்தனை பேரை வீடு சேர்த்திருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம். கலங்கரை விளக்கம் என்ற பழஞ்சொல்லுக்கே கலங்களைக் கரைந்து, அதாவது கூவி, அழைக்கும் விளக்கு என்பதுதான் பொருள். எங்கள் ஊர் வாய் அதை வெளிச்சவீடு ஆக்கிவிட்டது. எனக்கு இரண்டுமே பிடிக்கும்.

மூன்றிலும் மூத்தது காங்கேசன்துறை. 1893இல் கட்டப்பட்டது, அந்த ஊருக்குப் புகையிரதம் வருவதற்கும் முந்தியது. துறைமுகத்தோடு சேர்ந்த வெளிச்சவீட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று கேட்பவருக்கு யாழ்ப்பாணத்தில் காட்டத்தக்கது இதுவே. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை என்ற ஐதீகத்தால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. அதற்குப் பிறகு புகையிரத முடிவிடமாகவும், 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையின் ஊராகவும் வளர்ந்து, போர் தொடங்கியதும் ஊர் முழுவதுமே உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. வெளிச்சவீடும் போரில் கடுமையாகச் சேதமடைந்தது. 1990இல் நின்றுபோன புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபரிலும், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும் மறுபடி வந்தது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்து, சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. கோபுரம் மட்டும் இவற்றுக்கெல்லாம் நடுவே புண்ணோடு நிற்கிறது.

இதன் பெரும் சிறப்பு போகும் வழியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏறினால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஒவ்வொரு பெயரும் பெரியவர்களுக்கு ஒரு கதையை நினைவூட்ட, அரைமணி நேரத்தில் தண்டவாளம் முடிகிற இடத்துக்கு வந்துவிடுவீர்கள். சேவைகள் நாளொன்றுக்குச் சிலவே என்பதால், திரும்பும் நேரத்தை நிலையத்தில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் பேருந்து இருக்கிறது, தூரமும் இருபது கிலோமீற்றருக்குள்தான். மாமியாரைக் கூட்டிப்போவதற்கும் இந்த வழியே இலகுவானது.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துறைமுகமும் அதைச் சுற்றிய கரையில் ஒரு பகுதியும் படையினரின் பொறுப்பில் இருப்பதால், கோபுரத்தின் அடிவரை போகலாம் என்று யாருக்கும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடியாது. காவலில் நிற்பவரிடம் மரியாதையாகக் கேட்டு, அவர் காட்டும் எல்லையோடு நிற்பதே முறை. கமராவைத் தூக்குவதற்கு முன்னும் கேட்டுக்கொள்ளவேண்டும். கடலோரம் கட்டித்தழுவிப் படமெடுக்கும் ஆசையில் வருகிறவருக்கு இந்த இடம் ஏமாற்றத்தைத் தரலாம். மச்சானைப் போன்றவர்களை இங்கே நான் அனுப்பமாட்டேன். ஆனால் நாகபட்டினத்திலிருந்து கப்பலில் வருகிறவர்களுக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. வெளிச்சவீடு கடலுக்கு முகம் காட்டக் கட்டப்பட்டது. கரையில் நின்று பார்க்கும் நாங்கள் எல்லோரும் அதன் முதுகைத்தான் பார்க்கிறோம். மேல்தளத்தில் நின்று, முதலில் ஒரு கோடாகவும் பிறகு பனைவரிசையாகவும் எழும் கரையை நெருங்கி வருகிறவர்தான், இந்தக் கோபுரங்களை அவை நிற்கும் முறைப்படி பார்க்கிறார்.

பருத்தித்துறை வெளிச்சவீடும் கோவளம் வெளிச்சவீடும் ஒரே ஆண்டில், 1916இல், கட்டப்பட்டவை. குடாநாட்டின் இரு முனைகளிலும் நிற்கும் இரட்டைப் பிள்ளைகள் என்றால் தப்பில்லை. வளர்ந்த வீடுகள்தான் வேறு.

பருத்தித்துறையில் கோபுரம் ஊருக்குள் நிற்கிறது. முனைப் பக்கம், பவளப்பாறை உடைந்து கிடக்கும் கரையில், வள்ளங்களும் வலைகளும் கிடக்கும் தெருவோரமாக, வெள்ளை உருளையாக எழுந்திருக்கிறது. போர்த்துக்கேயர் இக்கரையைக் கற்களின் முனை என்ற பொருளில் அழைத்த பெயர்தான் ஆங்கிலத்தில் பொயின்ற் பீற்றோ ஆயிற்று. பருத்தி ஏற்றப்பட்ட துறை என்பது தமிழ்ப் பெயரின் பொருள். ஒரே கரைக்கு ஒருவர் கண்ட கல்லும் இன்னொருவர் கண்ட வியாபாரமும் பெயராகியிருப்பதை, பெயர்களில் ஆர்வமுள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைக் களைய வேண்டும். இலங்கையின் வடமுனை இந்த வெளிச்சவீடு நிற்கும் இடம் என்று பலர் படத்துக்குக் கீழே எழுதுகிறார்கள். உண்மையான வடமுனை இதற்கு மேற்கே சில கிலோமீற்றர் தள்ளி, வல்வெட்டித்துறைக்குப் போகும் கரையில் உள்ள சக்கோட்டை முனை. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். அடுத்தது, ஊருக்குள் நிற்பதால் உள்ளே போய்வரலாம் என்ற எண்ணம். கோபுர வளாகம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. கிட்ட நின்று படம் பிடிப்பதற்கும் தடை இருந்து வந்திருக்கிறது. ஆகவே இங்கேயும் பார்வை தெருவிலிருந்துதான். ஆனால் காங்கேசன்துறைத் தெருவுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கே துறைமுக வேலியோடு காட்சி முடிகிறது. இங்கே பத்தடி நடந்தால் மீன் ஏலம் போடும் சத்தம் கேட்கும், இன்னும் சற்று நடந்தால் கடைத்தெரு வந்துவிடும்.

ஊர்தான் இதன் பலம் என்பதால் ஊரைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தும்பளைப் பக்கம் போகும் தெருவில் தெருமூடிமடம் இருக்கிறது. தெருவின் இருபுறமும் கல் திண்ணை, மேலே தெருவையே மூடி நிற்கும் கூரை, நடுவால் போக்குவரத்து. இப்படி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெயிலுக்கு அங்கே இருந்து எழும்பினால் ஓடக்கரையில் தோசை, கையில் கட்டிக்கொண்டு போகப் பருத்தித்துறை வடை. அந்தத் தட்டை வடை ஒரு மாதம் தாங்கும் என்பதால், கனடாப் பெட்டியில் அதற்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. மத்தியானத்துக்குப் பிறகு நேரமிருந்தால் வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கும், அதற்கப்பால் மணற்காட்டில் மணல்மேடுகளுக்குள் பாதி புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்துக்கும் போகலாம். மேற்கே திரும்பினால் வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் கரையில் உள்ள குளோஸ்ரர் வரை ஓடிச் சேர்ந்தது. வெளிச்சவீட்டைப் பார்க்க வந்த நாளில், அதன் வெளிச்சத்தை நம்பிக் கடலுக்குப் போனவர்களின் ஊரையும் பார்ப்பது பொருத்தமானது.

யாழ்ப்பாணத்திலிருந்து நெல்லியடி வழியாக 750ஆம் இலக்கப் பேருந்து போகிறது, ஏறத்தாழ முப்பத்துமூன்று கிலோமீற்றர். வல்லை வெளியைக் கடக்கும்போது யன்னலோர இருக்கை கிடைத்தால் அந்தக் காற்றுக்கே காசு சரி. மாமியாரோடு போவதென்றால் வான் பிடிப்பதே நல்லது. ஒரே நாளில் காங்கேசன்துறையையும் பருத்தித்துறையையும் கரையோரமாகவே இணைத்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்துத் திட்டமிடுகிறவர்கள், பலாலி விமான நிலையத்தை அண்டிய பகுதியில் எந்தப் பாதையால் போகலாம் என்பதைச் சாரதியிடம் முன்னமே கேட்டுக்கொள்ளட்டும். கைவிரலால் வரைபடத்தில் கோடு போடுவது போல இலகுவான பயணம் அதுவல்ல.

காரைநகருக்குப் போகும் வழி எனக்கு மூன்றிலும் மிகவும் பிடித்தது. மானிப்பாய், சங்கானை வழியாகவோ வட்டுக்கோட்டை வழியாகவோ பொன்னாலைக்கு வந்து, அங்கிருந்து தாம்போதியில் ஏறினால் இருபக்கமும் தண்ணீர், இறால் கூடுகள், ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள். இந்தத் தாம்போதி வருவதற்கு முன் ஊரின் பெயர் காரைதீவு. தீவு நகரானது பெயரில் மட்டுமே என்று நாங்கள் காரைநகர் நண்பர்களைச் சீண்டுவதுண்டு; அவர்கள் ஈழத்துச் சிதம்பரம் என்ற தங்கள் சிவன் கோயிலைக் காட்டி எங்கள் வாயை அடைத்துவிடுவார்கள்.

வெளிச்சவீடு தீவின் வடமேற்கு மூலையில், கோவளத்தில் நிற்கிறது. பாக்கு நீரிணையிலிருந்து ஊர்காவற்றுறைப் பக்கமாகத் திரும்பும் கலங்களுக்கு இந்த மூலை முக்கியமானது. சுற்றிவரக் குடிமனை அடர்த்தியில்லை. பற்றைக்காடும் பனையும் கடலுமாகத் தனித்து நிற்கும் கோபுரத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம். துறைமுக வேலியும் கடைத்தெரு நெரிசலும் இல்லாமல் ஒரு கோபுரத்தோடு தனியே நிற்கும் உணர்வு மூன்று இடங்களிலும் இங்கேதான் கிடைக்கிறது. கிழக்கே சில கிலோமீற்றருக்குள் கசூரினாக் கடற்கரை. சவுக்கு மரங்களின் நிழல், நெடுந்தூரம் இடுப்பளவுக்கு மேல் ஏறாத தண்ணீர். பருத்தித்துறைப் பாறைக்கரையில் பிள்ளைகளை இறக்கப் பயமாக இருக்கும், இங்கே அந்தப் பயம் மிகக் குறைவு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வரலாற்றைவிடத் தண்ணீர் முக்கியம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வேலை நாளாகப் பார்த்துப் போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருவிழாக் காலப் பின்னேரங்களிலும் கசூரினாவில் கூட்டம் நிறைந்துவிடும். கோவளத்தைக் காலையில் பார்த்து, வெயில் ஏறியதும் சவுக்கு நிழலுக்கு வந்துவிடலாம். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது உத்தமம். பருத்தித்துறையைப் போல இங்கே கையெட்டும் தூரத்தில் கடைகள் இல்லை. திரும்பும்போது வந்த வழியே வராமல், காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஓடும் பாதையில் ஏறிக் கடக்கலாம். பாதை என்பது இங்கே தெருவன்று. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. அதில் நின்று பார்த்தால் நடுக்கடலில் கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. பன்றித் தொடையின் குதி என்ற பொருளில் ஒல்லாந்தர் இதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். அங்கிருந்து வேலணை, பண்ணை வழியாக நகருக்குத் திரும்பினால், ஒரு நாளில் ஒரு முழு வட்டம் ஓடியிருப்பீர்கள். பாதையின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவின் தென்கரையில் உள்ள குவிந்தா கோபுரத்தையும் இந்த வரிசையில் சேர்க்கச் சிலர் கேட்பார்கள். கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற பழைய கட்டடம் அது. விளக்கு எரியும் வெளிச்சவீடல்ல. குறிகட்டுவான் வரை தெருப்பயணம், அதற்குப் பிறகு ஒரு மணிநேரப் படகு, தீவுக்குள் மறுபடியும் வாகனம் என்று முழு நாளும் அதற்கே போய்விடும். முழங்கால் வலியுள்ளவரைப் படகில் ஏற்றி இறக்கும் துணிவு எனக்கில்லை. குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் பவளக்கல் மதில்களையும் சேர்த்துப் பார்க்க வேறொரு நாள் கிடைத்தால் அது தனிப் பயணம்.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதும் விடையை மாற்றும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று வடகரையை நேரே அறையும். மழையும் கூட வரும். அந்த மாதங்களில் கசூரினாவின் அமைதி கெட்டுப்போகிறது, காரைநகரை முதலாவதாகச் சொல்லும் என் காரணங்களில் பாதி அடிபட்டுவிடும். அதே வாடைக்காற்றில்தான் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டப்போட்டி நடக்கிறது. பொங்கலுக்கு வருகிறவர்கள் தயங்காமல் பருத்தித்துறைப் பக்கம் போகட்டும். காலையில் வெளிச்சவீடு, பின்னேரம் வானம் நிறையப் பட்டம். திருவிழாக் காலமான ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கும்போது, வடகரை அதற்கு மறைவாக இருப்பதால் கடல் பெரும்பாலும் படுத்துக் கிடக்கும்.

இவ்வளவையும் கணக்கில் எடுத்துத்தான் தங்கையின் குடும்பத்தைக் காரைநகருக்கு அனுப்பினேன். பிள்ளைகளுக்குத் தண்ணீர், மச்சானுக்குத் தனித்து நிற்கும் கோபுரம், மாமியாருக்குச் சவுக்கு நிழலில் ஒரு மடக்குக் கதிரை. மூன்று பேரின் தேவையும் ஒரே இடத்தில் தீர்ந்ததால் அந்தத் தேர்வில் எனக்கு மனக்குறை இல்லை. பிள்ளைகள் இல்லாமல் இரண்டு பெரியவர்கள் மட்டும் வந்திருந்தால் பருத்தித்துறையைத்தான் சொல்லியிருப்பேன், அதுவும் மீன் வந்திறங்கும் விடியற்காலையில். வரலாற்று ஆர்வத்தோடு தனியே வருகிறவர், கிட்டப் போக முடியாமல் போனாலும் பரவாயில்லை என்ற மனத்தோடு, காங்கேசன்துறைக்குப் புகையிரதம் ஏறட்டும்.

இந்த முறை மாமியார் தனியே வருகிறார். நான் எழுதிய ஒழுங்கை அவர் ஏற்கவில்லை. தெல்லிப்பழையில் பிறந்தவர், வெளிச்சவீடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் காங்கேசன்துறை வரைக்கும் புகையிரதத்தில் போகவேண்டும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டாராம். யன்னல் பக்கம் இருக்கை பிடிக்க நான் நேரத்தோடு நிலையத்துக்குப் போகவேண்டும்.